மாமன் வேட்டியில் டயர் தடம்

ஆக்சிலேட்டர மிதிக்காதீங்க தம்பி. மிதிக்காதீங்கன்னு சொல்லுதேன்லா! நீங்க மிதிக்க மிதிக்க சக்கரம் கெணறுல்லா வெட்டுது. வண்டிய அமத்துங்க. அமத்திட்டுப் பைய எறங்குங்க. செருப்பப் போட்டுக்கிட்டே எறங்குங்க, மண்ணு கொதிக்கும். ஆங். அப்படியே இந்த உடைமர நெழலுக்கு வந்துருங்க.

பதற வேண்டாம். இந்தச் செம்மணல் மேட்டுத் தேரி ஆளையும் விழுங்காது, காரையும் விழுங்காது. பாதிய முழுங்கி வச்சுக்கிட்டு நான் வாரவரைக்கும் காத்துக் கெடக்கும். எம் பேரு தவசிக்கனி. மணல்ல வண்டி ஓட்டி விளையாடுத இந்தப் பூங்காவுல பொதைஞ்ச வண்டிய இழுத்து விடுதது நாந்தான். அந்தா மேட்டு மேல மஞ்சக்கொடி ஆடுதுல்லா, அதாக்கும் என் டிராக்டரு. உங்க காருக்குக் கொடி எங்க? இதுக்குள்ள வார வண்டி எல்லாத்துலயும் பின்னால நீளக் கம்பு ஒண்ணு நட்டுக் கொடி கட்டணும் தம்பி. மேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி வாரது இந்தப் பக்கம் வாரவனுக்குத் தெரியணும்லா. இல்லன்னா உச்சியில வச்சு ரெண்டும் முட்டிக்கிடும். இன்னைக்கு கேட்டுல ஆளு இல்ல, நீங்களும் சும்மா புகுந்துட்டீங்க.

இருங்க, இருங்க, வாய் உலந்து போயி என்னத்தப் பேசப் போறீங்க. மொதல்ல தண்ணியக் குடிங்க.

கழுத்துல கேமரா. பின் சீட்டுல குடை, விளக்கு. கல்யாண வீட்டுக்குப் படம் புடிக்க வந்த ஆளுதான? லிங்கதுரை மக கல்யாணம். தெரியும். அந்தா காத்துல மேளச் சத்தம் வருது பாருங்க, அந்த மண்டபந்தான். பொண்ணு அனுப்புனாளா? தலைய ஆட்டுதீங்க. சந்தனந்தான் அனுப்பிருப்பா, எனக்குத் தெரியாதா? தேரியில அந்தக் கொல்லாமரத்துப் பக்கம் போயி எடம் பாத்துட்டு வாங்க, சாயங்காலம் நானும் மாப்பிள்ளையும் வந்து நிக்கோம்னு சொல்லிருப்பா. சின்னதுலருந்தே அவளுக்கு அந்த எடம் பிரியம். ஆனா தம்பி, நீங்க தடம் மாறிட்டீங்க. கொல்லாமரம் வடக்க. இந்தத் தடம் நான் தங்குத தகரச் செட்டுக்குத் தவிர வேற எங்கயும் போவாது.

முகூர்த்தத்துக்குள்ள உங்கள இழுத்து விட்டுருவேன், கவலைப்படாதீங்க. இன்னும் நேரங் கெடக்கு. டிராக்டர மேட்டுலருந்து எறக்கணும், கயித்த எடுக்கணும், கொக்கி எங்க மாட்டுததுன்னு பாக்கணும். வெரசாப் போயி அங்க என்ன செய்யப் போறீங்க? நீங்க எடுக்கிற படத்துல தாய்மாமன் இருக்க மாட்டான். தாய்மாமன் இல்லாத கல்யாணப் படம் என்னத்துக்கு? ஆமா தம்பி. பொண்ணுக்குத் தாய்மாமன் நாந்தான்.

என்ன, வேட்டியப் பாக்கீங்க? பட்டுக்கரை வேட்டி கட்டிக்கிட்டு எவனாவது டிராக்டர் ஓட்டுவானான்னு பாக்கீங்களா, இல்ல இந்தக் கறையப் பாக்கீங்களா? ரெண்டுக்கும் ஒரே பதில்தான். கறைன்னா கறை இல்ல, டயர் தடம். நல்லாப் பாருங்க, ஜீப்பு டயரோட கட்டம் கட்டமாத் தெரியும். எத்தனையோ சோப்பு போட்டுப் பாத்துட்டேன். தேரி மண்ணு பிடிச்சா பிடிச்சதுதான். இன்னைக்கு வேற வேட்டி கையில கெடைக்கல, அதான் கட்டுனேன். கல்யாணத்துக்குன்னு ஒண்ணும் கட்டல. மொகம் வழிச்சதுகூட தாடி அரிச்சுதுன்னுதான்.

சொல்லுதேன், கேளுங்க. குறுக்க பேசாதீங்க. ஒரு மனுசன் வயித்தெரிச்சலச் சொல்லும்போது குறுக்க பேசப்பிடாது.

லிங்கதுரை எங்க அக்கா சொர்ணத்தைக் கட்டுனவன். எனக்கு அத்தான் முறை. அத்தான்னு இனி என் வாயால கூப்பிட மாட்டேன், அது வேற விசயம். சந்தனமாரி அவுங்களுக்கு ஒத்தப் பொண்ணு. அவ பெரிய மனுசி ஆனப்ப சடங்கு வச்சாங்க. சடங்குன்னா யாரு முக்கியம்? தாய்மாமன். மாமன் சீர் கொண்டு போகணும். தெரு மொனையிலருந்து மேளம் கொட்டி அழைச்சு, வாசல்ல ஆரத்தி எடுத்து, முன்வாசல் வழியா உள்ள கூட்டிட்டுப் போகணும். மாமன் கொண்டு வந்த சேலையத்தான் புள்ள கட்டணும். ஊரு ஒலகத்துல உள்ளதுதான. நானும் தட்டு தட்டா சீர் எடுத்துட்டுப் போனேன். பழம், பூ, சேலை, வளையலு. கல்யாணம் காட்சி பண்ணாத ஒண்டிக்கட்டை நான், எனக்கு இருந்த ஒரே பிள்ளை அவதான் தம்பி. சேலைய நானே போயித் தேடித் தேடி எடுத்தேன்.

போனா, வாசல்ல மேளம் இல்ல, ஆரத்தி இல்ல. லிங்கதுரை ஓடி வாரான். வந்து என்ன சொல்லுதான் தெரியுமா? "மாப்ள, இப்பிடிப் பின்வாசல் வழியா வந்துரு"ன்னான்.

பின்வாசல் வழியா! தாய்மாமன! கோழிக்கூட்டத் தாண்டி, அடுப்புச் சாம்பலத் தாண்டி, எச்சி எலை கெடக்குத எடத்தத் தாண்டி நான் சீர்த்தட்டைத் தூக்கிட்டுப் போனேன். கூட வந்தவன் ஒருத்தன் சிரிச்சான். சிரிச்சானா, இருமுனானா, என் காதுக்கு அது சிரிப்பாத்தான் கேட்டுது.

அன்னைக்கு மழை. முன்னால போட்ட பந்தல் சரிஞ்சு விழுந்து வாசல அடைச்சுக்கிட்டுக் கெடந்தது என்னமோ நெசந்தான். வந்தவங்க எல்லாரும் பின்வாசல் வழியாத்தான் வந்தாங்க, ஊர்ப் பெரியவங்களும் அப்பிடித்தான் வந்தாங்கன்னு அக்கா இன்னைக்கு வரைக்கும் சொல்லுதா. எல்லாரும் நானும் ஒண்ணா? ஒரு ஆளு பந்தக்காலப் புடிச்சுத் தூக்கிருந்தா நான் குனிஞ்சாவது முன்வாசல்ல போயிருப்பேன்லா? மனசு இருந்தாத் தூக்கிருப்பான். அவனுக்கு மனசு இல்ல.

அன்னைக்கு அந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்கல. வரும்போது மனசுக்குள்ள சொல்லிட்டு வந்தேன். லிங்கதுரை, என்னைய ஊரு பாக்கப் பின்வாசல்ல கூட்டிட்டுப் போனல்லா, ஒரு நாள் ஊரு பாக்க நீ என் முன்னால கையக் கும்பிட்டு நிப்ப. ஆனைக்கு ஒரு காலம்னா பூனைக்கு ஒரு காலம் வரும்.

வந்துது தம்பி, வராம போவுமா?

இந்தத் தேரி அப்ப சும்மா கெடந்த காடு. டவுன்லருந்து பயலுவ ஜீப்பு, பைக்குன்னு கொண்டாந்து மேட்டுல ஏத்துவான், பொதைவான், நடந்து போவான். பொறவுதான் அரசாங்கத்துல வேலி போட்டு, தடம் வெட்டி, பூங்கான்னு ஆக்குனாங்க. டிக்கெட்டு எடுத்துட்டு யாரு வேணும்னாலும் சொந்த வண்டிய ஓட்டலாம். கையில வண்டி இல்லாதவனுக்கு அந்தக் குண்டுச் சக்கர பைக்கு வாடகைக்கு உண்டு. லிங்கதுரை கேன்டீன எடுத்தான். ஒரு ஜீப்பும் வாங்கி விட்டான். பொதைஞ்ச வண்டிய இழுக்கிற வேலை எனக்கு வந்துது. லிங்கதுரை சிபாரிசு பண்ணித்தான் வந்துதுன்னு ஊருல ஒரு பேச்சு. பண்ணிருப்பான். என்னைய அவன் கண்ணு முன்னாலயே வெயில்ல நிக்க வச்சுப் பாக்கணும்லா, அதுக்குப் பண்ணிருப்பான்.

நானும் சரின்னு சேந்தேன். ஏன்? மண்ணுல வண்டி ஓட்டுதவன் என்னைக்காவது பொதைஞ்சுதான் ஆகணும். பொதைஞ்சா என் கயித்துக்குத்தான் வரணும். வீட்டக்கூட காலி பண்ணிட்டு, தேரிக்கு நடுவுல செட்டுப் போட்டு இங்கனயே கெடந்தேன். ஆனா அந்த மூதி பொதையவே இல்ல. கெட்டிக்காரந்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். தடத்தை விட்டு எறங்க மாட்டான்.

தடம்னு சொன்னேன்லா. அந்தா நிக்குல்லா மஞ்சக் கம்பு, இதுக்கும் அதுக்கும் நடுவுல ஓட்டுனாத்தான் அடியில கெட்டி மண்ணு. கம்பத் தாண்டுனா பூமண்ணு. பாத்தா ரெண்டும் ஒண்ணு போலச் செவப்பாத்தான் இருக்கும். சக்கரம் வச்சா மாவு. ஆனி ஆடி ஆவணியில காத்து அடிக்கும் பாருங்க, ஒரு ராவுல மேட்டத் தூக்கி அடுத்த எடத்துல வச்சிரும். நேத்துக் கெட்டி மண்ணா இருந்தது இன்னைக்குப் பூமண்ணு. அதனால விடிஞ்சதும் நான் கடப்பாறையத் தூக்கிட்டுப் போயி, குத்திப் பாத்து, கம்பை எல்லாம் புடுங்கி எடம் மாத்தி நடணும். அது என் வேலை. நான் நட்ட கம்பை நம்பித்தான் அத்தனை பேரும் ஓட்டுதான்.

இப்பப் புரியுதா? சிரிக்காதீங்க. நான் ஒண்ணுமே செய்யல தம்பி. அதுதான் இதுல உள்ள அழகே.

போன ஆவணி மாசம் அக்கா போன் பண்ணா. "ஏல தவசி, சந்தனத்துக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருக்கு. நாளைக்கு மாப்பிள்ளையோட அப்பா அம்மாவக் கூட்டிட்டு அத்தான் தேரிக்கு வாராங்க. நீ எங்கயும் போயிராத, செட்டுலயே இரு, நல்ல சட்டையாப் போட்டுட்டு…"ன்னா. நான் போன வச்சிட்டேன். முழுசாக் கேக்கணுமா என்ன? சம்பந்திகளுக்குப் பவுசு காட்ட ஜீப்புல கூட்டிட்டு வாரான், பொதைஞ்சா இழுக்க ஆளு வேணும், அந்த ஆளு அழுக்குச் சட்டையோட நின்னா மரியாதைக் கொறச்சல். அதான விசயம்?

மறுநாள் காலையில கடப்பாறையோட போனேன். எல்லாக் கம்பையும் மாத்தி நட்டேன். செட்டுக்குத் திரும்புத வளைவுல ஒரே ஒரு கம்பு. நேத்து நின்ன எடத்துலயே நிக்கட்டும்னு விட்டுட்டேன். ராத்திரி அடிச்ச காத்துல அந்த எடம் பூமண்ணா ஆயிட்டுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டேன். வேற யாரும் அந்தப் பக்கம் வர மாட்டான். பொய் ஒண்ணும் நடல பாத்துக்கோங்க. நேத்தைய உண்மையை நட்டபடியே விட்டுட்டேன், அவ்வளவுதான்.

விட்டுட்டு மேட்டுல டிராக்டர நிப்பாட்டி உக்காந்தேன். ஜீப்பு வந்துது. அவன் ஓட்டுதான், பக்கத்துல சம்பந்திக்காரர், பின்னால சம்பந்தி அம்மாவும் சந்தனமும். புள்ள கை முட்ட வளையல் போட்டுருந்தா. வளைவு வந்துது. என் கம்பைப் பாத்து, என் கம்பை நம்பி, நேரா விட்டான் பாருங்க. பொதுக்குன்னு எறங்கிட்டு! அந்தச் சத்தம் இன்னைக்கும் காதுல இருக்கு தம்பி. நல்ல சாப்பாடு சாப்பிட்ட மாதிரி வயிறு நெறைஞ்சுது.

அவன் மிதிக்கான். அது எறங்குது. மிதிக்கான், எறங்குது. பின் சக்கரம் ரெண்டும் முழுசா உள்ள போயிட்டு. அவன் எறங்கிக் கீழ இருந்து கத்துனான், "மாப்ள, கயித்தப் போடு!"

நான் அசையல. "யாரு மாப்ள?"ன்னு கேட்டேன். "பின்வாசல் வழியா போறவனா?"

அவனுக்கு மொதல்ல வெளங்கல. எனக்கு அது இன்னும் கோவம். நான் வருசக்கணக்கா நெஞ்சுல வச்சு வளத்துட்டு இருக்கேன், அவனுக்கு ஞாபகமே இல்ல பாருங்க! நான் மேல இருந்தபடியே சம்பந்திக்காரருக்கும் கேக்கும்படியா எல்லாத்தையும் சொன்னேன். சடங்கு, சீர்த்தட்டு, கோழிக்கூடு, எச்சி எலை, ஒண்ணு விடல. சொல்லிட்டு, "இப்பக் கையக் கும்பிட்டுக் கேளு, கயிறு வரும்"னேன்.

வெயிலு. சம்பந்தி அம்மா தலையில முந்தானையப் போட்டுக்கிட்டு ஜீப்போட நெழல்ல கூனிக் குறுகி உக்காந்திருக்கா. லிங்கதுரை என்னையப் பாத்தான். சம்பந்தியப் பாத்தான். பாத்துட்டு ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான் தம்பி. எவ்வளவு பெரிய மனுசன், கேன்டீன் மொதலாளி, சம்பந்தி பாக்க, பெத்த மக பாக்க, என்னையக் கும்பிட்டான். "தப்புத்தான் மாப்ள. மழையில யோசிக்கல. மன்னிச்சுக்கோ"ன்னான்.

ஜெயிச்சேனா இல்லையா? நீங்களே சொல்லுங்க. ஜெயிச்சேன்!

அப்பவே கயித்தப் போட்டுருக்கலாம்னு சொல்லுவீங்க. எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க. ஆனா தம்பி, அத்தனை காலம் காத்திருந்தவனுக்கு ஒரு கும்பிடு எந்த மூலைக்கு? அவன் கும்பிட்டுக்கிட்டு நிக்கது எனக்கு ஆசையா இருந்துது. இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கையில வெத்தலைய எடுத்து, பைய சுண்ணாம்பத் தடவிட்டு இருந்தேன்.

அப்பதான் சந்தனம் எறங்குனா. "அப்பா, கையக் கீழ போடுங்க"ன்னா. சத்தமாக்கூட சொல்லல.

வளையலக் கழத்தி சம்பந்தி அம்மா மடியில வச்சா. உடைமரத்துல ஒரு முள்ள ஒடிச்சா. ஒடிச்சு, டயர்ல காத்து அடைக்குத எடத்துல குத்தி, புஸ்ஸு புஸ்ஸுன்னு நாலு டயர்லயும் காத்தக் கொறைச்சா. காத்துக் கொறைஞ்சா டயரு பரந்து மண்ணப் புடிக்கும், இங்கன வண்டி ஓட்டுத எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தான். அவன் பதட்டத்துல மறந்துட்டான். பொறவு ஜீப்புக்குள்ளருந்து ஒரு பெரிய தட்ட எடுத்தா. தாம்பூலத் தட்டு. அதுல இருந்த தேங்கா, பழம், வெத்தலையெல்லாம் சீட்டுல கொட்டிட்டு, அந்தத் தட்டால சக்கரத்துக்குப் பின்னால மண்ண அள்ளுனா. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு மண்ணுல முட்டி போட்டு அள்ளுதா. நான் மேல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்.

அள்ளிட்டு, புதுசா மடிப்புக் கலையாத ஒரு வேட்டிய எடுத்தா. பட்டுக்கரை வேட்டி. என்னைய நிமிந்து பாத்து, "மாமா, இது ஒங்களுக்குன்னு எடுத்தது. நாந்தான் கடைக்குப் போயித் தேடித் தேடி எடுத்தேன்"ன்னா. சொல்லிட்டு அந்த வேட்டிய விரிச்சுச் சக்கரத்துக்கு அடியில போட்டா. ஏறி உக்காந்து, பின்னால எடுத்தா. ஜீப்பு ஒரு உறுமு உறுமி, வேட்டி மேல ஏறி, கெட்டி மண்ணுக்கு வந்துட்டு. அப்பனையும் சம்பந்திகளையும் ஏத்திக்கிட்டு வந்த வழியே போயிட்டா. திரும்பிப் பாக்கல.

என் கயிறு என் கையிலயே இருந்துது.

சரி, அதுல என்ன இப்ப? அவன் கும்பிட்டானா இல்லையா, அதான கணக்கு?

தண்ணி குடிக்கீங்களா? இருங்க தம்பி, சொல்ல வந்தத முடிச்சிருதேன், பொறவு நீங்க பேசுங்க.

அக்கா மறுநா வந்தா. செட்டுக் கதவுக்கு வெளிய நின்னு அழுதா. "கூறுகெட்டவனே, ஒனக்குத் தட்டு வைக்கத்தாம்ல வந்தாங்க. மாமனக் கேக்காம நிச்சயம் பண்ண மாட்டேன்னு சந்தனம் ஒத்தக்கால்ல நின்னா. ஒன் வாசலுக்கே வந்து மரியாத பண்ணி, முன்னால நிப்பாட்டிக் கூட்டிட்டுப் போகணும்னு வந்தாங்கல"ன்னா. நான் கதவத் தொறக்கல. பாத்தீங்களா, பிள்ளை சொல்லித்தான் வந்திருக்கான், அவனா வரல. அவனா வந்திருந்தா அது வேற. பத்திரிகைய கதவிடுக்குல சொருகிட்டுப் போனா. தாய்மாமன்னு போட்டு எம் பேரு இருக்கு. அச்சடிக்கது என்ன பெரிய காரியம்?

அதுக்குப் பொறவு சந்தனம் வரல. ஒரு தடவகூட வரல. அதுதான் தம்பி எனக்கு… அவ வந்து ஏசிருந்தாக்கூட நல்லா இருந்துருக்கும். மத்தபடி எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது.

இன்னைக்குக் காலையில போன அமத்தி டூல்ஸ் பெட்டிக்குள்ள போட்டுட்டேன். கம்பு மாத்தி நடவும் போகல. கல்யாணத்துக்காக பூங்காவே லீவு, எவன் வரப் போறான்னு இருந்துட்டேன். நீங்க வந்து பொதைஞ்சீங்க. உங்க கெட்ட நேரம். டிராக்டர உச்சி மேட்டுல நிப்பாட்டிருக்கேன் பாத்தீங்களா, அங்க நின்னா கொடி மண்டபத்துக்குத் தெரியும். தெரியட்டும். மாமன் இங்கன இருக்கான், வரலன்னு எல்லாரும் பாக்கட்டும். பொண்ணோட கையப் புடிச்சு மணமேடைக்குக் கூட்டிட்டு வர வேண்டியது தாய்மாமன். இன்னைக்கு யாரு புடிப்பா? எவனாவது சித்தப்பன் மவன் ஒருத்தன் புடிப்பான். ஊரு கேக்கும்லா, மாமன் எங்கடான்னு? லிங்கதுரை தலை குனிவான்லா? அது போதும் எனக்கு. ஒங்கள முன்கூட்டியே இழுத்து விட்டா, நீங்க போயி அந்தச் சித்தப்பன் மவனப் படம் புடிச்சு வச்சிருவீங்க. காலத்துக்கும் அது செவுத்துல தொங்கும். என் எடத்துல இன்னொருத்தன் நிக்குத படம் எந்தச் செவுத்துலயும் தொங்கப்பிடாது. அதான் தம்பி ஒங்கள உக்கார வச்சுக் கத சொன்னேன். கோவப்படாதீங்க. ஒங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல.

உஸ்ஸ்… இருங்க. பாட்டு நின்னுட்டு.

கேக்குதா?

கெட்டிமேளம்.

காத்து நல்லாக் கொண்டு வருது பாருங்க. தாலி ஏறிட்டு. ம். முடிஞ்சுது. நல்லா இருக்கட்டும் புள்ள. நல்லா இருக்கட்டும். கண்ணுல மண்ணு விழுந்துட்டு, வேற ஒண்ணுமில்ல.

சரி, இனி அவசரம் இல்ல. வந்ததுலருந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதீங்க, என்னமோ சொல்ல வந்தீங்க. இப்பச் சொல்லுங்க.

யாரு? சந்தனமா?

ஆமா, அவதான் அனுப்புனான்னு நாந்தான் சொன்னேன்லா, எடம் பாக்க…

எடம் பாக்க இல்லையா?

என்னையவா? என்னையக் கூட்டிட்டு வரவா?

மேட்டுல கொடியப் பாத்துட்டு… "மாமா அங்கனதான் நிக்காங்க, போன் எடுக்க மாட்டாங்க, போயிக் கையோட கூட்டிட்டு வாங்க"ன்னா? மாமன் வந்து கையப் புடிச்சாத்தான் ரூமுலருந்து எறங்குவேன்னு உக்காந்திருந்தாளா?

எல்லாருமா காத்துக்கிட்டு இருந்தாங்க? அத்தானுமா? அத்தான் என்ன சொன்னாங்க? "மாப்ள வரட்டும், முகூர்த்தம் முடிய நேரம் இருக்கு"ன்னா? அத்தானா சொன்னாங்க, அவங்களாவா?

மொதல்லயே சொல்லிருக்கலாம்லா தம்பி! ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை!

நான் விடலையா.

நான் விடல.

கடைசி வரைக்கும் காத்திருந்துருப்பா. அவ புடிவாதம் எனக்குத் தெரியும். முகூர்த்தம் தப்பிரும்னு பெரியவங்க இழுத்துட்டு வந்துருப்பாங்க. யாரு கையப் புடிச்சாங்களோ. தனியாவே நடந்து வந்தாளோ.

காரு கெடக்கட்டும், வாங்க! சாயங்காலம் நானே எடுத்துத் தாரேன். கேமராவை மட்டும் எடுத்துக்கிட்டு ஏறுங்க டிராக்டர்ல, அந்த மட்கார்டுல உக்காந்து கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கோங்க. இன்னும் மாலை மாத்தணும், மேடையச் சுத்தணும், அவ மேடையிலதான் இருப்பா. இருப்பால்லா? வேட்டிய மாத்த நேரமில்ல. தடம் தெரியட்டும், அவ போட்ட தடந்தான.

முன்வாசலுக்குப் போகணும்னா ஊரச் சுத்திக்கிட்டுல்லா போகணும். இந்தச் சரிவுல எறங்குனா நேரா மண்டபத்துப் பின்பக்கம் போயிரலாம். சமையக்கட்டு வழி. எச்சி எலை போடுத எடம்.

தம்பி, நீங்க அங்கனருந்துதான வந்தீங்க. பின்வாசல் தொறந்துதான இருந்துது?